தலைக்காயத்தில் கண்பாவைப் பரிசோதனை: அதன் இடமும் எல்லையும்

தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவரின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய இன்று சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. படம், மண்டையோட்டில் துளையிட்டு உள்ளழுத்தத்தை நேரடியாக அளக்கும் உணரி எனப் பல வழிகள் உள்ளன. எனினும், விபத்து நடந்த சாலையோரத்தில் தொடங்கித் தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசி நாள் வரை, நோயாளியை இடம் மாற்றாமல், மணிக்கொரு முறையோ அதற்கும் குறைந்த இடைவெளியிலோ திரும்பத் திரும்பச் செய்யத்தக்க சோதனை, கண்ணில் ஒளியைப் பாய்ச்சிப் பாவை சுருங்குகிறதா என்று பார்ப்பதுதான். கருவிழியின் நடுவே கறுப்பு வட்டமாகத் தெரியும் துளையே கண்பாவை எனப்படுகிறது. எளிதாகத் தோன்றும் இந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விகளுக்கு மருத்துவ உலகம் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வந்திருக்கிறது. அந்தத் தேடலில் மேலும் மேலும் உறுதிப்பட்டிருப்பது ஒன்று: பாவை ஒருமுறை பார்க்கும்போது தரும் செய்தி சிறிது, ஒரே விதமாக அளந்து, நேரத்தோடு எழுதி, முந்தைய அளவோடு ஒப்பிட்டு வரும்போது அது தரும் செய்தி பெரிது. வருத்தத்துக்குரியது என்னவென்றால், நடைமுறையில் மிகவும் மேம்போக்காகச் செய்யப்படுவதும் அந்த ஒப்பீடுதான்.

பாவையின் அளவைத் தீர்மானிப்பவை, கருவிழியின் நிறப்பகுதியான ஐரிசில் உள்ள இரண்டு தசைகள். பாவையை வளையமாகச் சூழ்ந்திருக்கும் சுருக்குத்தசையை எதிர்ப்பரிவு நரம்புகளும், ஆரைகளாகப் பரந்திருக்கும் விரிப்புத்தசையைப் பரிவு நரம்புகளும் இயக்குகின்றன. ஒளி விழித்திரையில் பட்டதும் எழும் தூண்டல், இரண்டாம் கபால நரம்பாகிய பார்வை நரம்பின் வழியே சென்று, நடுமூளையின் மேற்புறத்தில் உள்ள ஒரு நரம்பணுத் திரளை அடைகிறது. அங்கிருந்து இடம், வலம் ஆகிய இரு பக்கத்து எடிங்கர்–வெஸ்ட்ஃபால் உட்கருக்களுக்கும் பிரிந்து போகிறது. 1880களில் இந்த உட்கருவை விவரித்த லுட்விக் எடிங்கர், கார்ல் வெஸ்ட்ஃபால் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவரின் பெயரையும் அது தாங்கியிருக்கிறது. உட்கருவிலிருந்து கட்டளை மூன்றாம் கபால நரம்பின் வழியே கண் குழிக்குள் வந்து, சிலியரி நரம்புமுடிச்சில் கைமாறி, சுருக்குத்தசையைச் சென்றடைகிறது. ஒளி பட்டதற்கும் பாவை சுருங்கத் தொடங்குவதற்கும் இடையே ஆரோக்கியமான ஒருவருக்கு ஏறத்தாழ கால் நொடியே ஆகிறது.

ஒரு கண்ணில் ஒளி பட்டால் இரண்டு பாவைகளும் சேர்ந்தே சுருங்குவதற்குக் காரணம், தூண்டல் நடுமூளையில் இரு பக்கமும் பிரிந்து செல்வதுதான். ஒளி பட்ட கண்ணின் சுருக்கத்தை நேர் எதிர்வினை என்றும், மற்றக் கண்ணின் சுருக்கத்தை உடன் எதிர்வினை என்றும் மருத்துவர்கள் வேறுபடுத்துகின்றனர். இந்த வேறுபாடு தலைக்காயத்தில் நேரடிப் பயன் உள்ளது. நெற்றியிலோ புருவத்திலோ விழுந்த அடியால் எலும்புக் கால்வாய்க்குள் பார்வை நரம்பு நசுங்கியிருந்தால், அந்தக் கண்ணில் ஒளி பாய்ச்சும்போது இரு பாவைகளும் அசையா; மற்றக் கண்ணில் பாய்ச்சினால் இரண்டும் நன்றாகச் சுருங்கும்; பாவைகளின் அளவிலும் வேறுபாடு இராது. மாறாக, மூன்றாம் கபால நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால், எந்தக் கண்ணில் ஒளி பட்டாலும் பாதிக்கப்பட்ட பக்கத்துப் பாவை விரிந்தபடியே நிற்கும். முன்னது கண்ணின் பார்வை பற்றிய கவலை. பின்னது உயிர் பற்றிய கவலை. ஒரு கண்ணை மட்டும் பார்த்துவிட்டு, மற்றக் கண்ணில் அதே நேரத்தில் என்ன நடந்தது என்று கவனிக்காமல் எழுதப்படும் குறிப்பு இந்த இரண்டையும் குழப்பிவிடக்கூடியது.

ஒளிக்குப் பாவை சுருங்குவதை மூளையின் வழியாக நிகழும் தன்னிச்சையற்ற செயல் என்று விளக்க முயன்றவர்களுள் முன்னோடி, எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் விட். உடலின் அனிச்சை இயக்கங்களைப் பற்றி 1751இல் அவர் வெளியிட்ட நூல் இதை ஆராய்கிறது. நெடுங்காலம் இந்த எதிர்வினை அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்கைல் ராபர்ட்சன் மேகநோயாளிகளிடமும், ஜோஹன் ஹார்னர் கழுத்துப் பரிவு நரம்பு பழுதானவர்களிடமும் கண்ட பாவை மாற்றங்கள், இரண்டுமே 1869இல் வெளியானவை, நரம்புப் பாதையின் எந்த இடம் பழுதானால் பாவையில் எந்தத் தோற்றம் உண்டாகும் என்ற வரைபடத்தை நிரப்பின. தலைக்காயத்தைப் பொறுத்தவரை அவற்றைவிட முக்கியமானது, லண்டன் அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் அதே காலத்தில் கவனித்தது: மண்டைக்குள் இரத்தம் கட்டி மூளை அழுந்தும்போது, கட்டியுள்ள பக்கத்துப் பாவை விரிந்து, ஒளிக்கு அசையாமல் போகிறது. ஸ்கேன் இல்லாத காலத்தில் மண்டையோட்டின் எந்தப் பக்கத்தில் துளையிட வேண்டும் என்பதை அறுவை மருத்துவருக்குக் காட்டியது இந்த அறிகுறியே.

இது நிகழும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். வளர்ந்தவரின் மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்புப் பெட்டி. அதற்குள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றின் மொத்தக் கன அளவும் மாறாமல் இருக்க வேண்டும். அலெக்சாண்டர் மன்றோ 1783இலும், அவருக்குப் பின் ஜார்ஜ் கெல்லியும் வகுத்த இந்தக் கோட்பாட்டின்படி, புதிதாக ஓர் இரத்தக்கட்டு உண்டானால் முதலில் நீரும் சிரை இரத்தமும் வெளியேறி இடம் கொடுக்கும். அந்த இடம் தீர்ந்த பிறகு சிறிதளவு கூடுதலும் அழுத்தத்தைச் செங்குத்தாக உயர்த்தும். பொட்டெலும்பு முறிந்து, அதன் உட்புறத்தில் ஓடும் தமனி கிழிந்தால், எலும்புக்கும் டியூரா என்னும் தடித்த மூளையுறைக்கும் இடையே இரத்தம் சேர்கிறது. அடிபட்டவர் சிறிது நேரம் எழுந்து பேசிவிட்டு, சில மணி நேரம் கழிந்து மயங்கிச் சரிவது இவ்வகைக் காயத்தில் அறியப்பட்ட போக்கு. கட்டு பெருகும்போது பொட்டுப் பகுதி மூளையின் உள்விளிம்பாகிய அன்கஸ், பெருமூளையையும் சிறுமூளையையும் பிரிக்கும் உறைமடிப்பின் விளிம்பைத் தாண்டிக் கீழே பிதுங்குகிறது. அந்த விளிம்பை ஒட்டியே மூன்றாம் கபால நரம்பு ஓடுகிறது. அதிலும் பாவையைச் சுருக்கும் மெல்லிய இழைகள் நரம்பின் மேற்பரப்பில் இருப்பதால், நெருக்கத்தின் முதல் அடி அவற்றின்மீதே விழுகிறது. நீரிழிவு நோயால் இதே நரம்பு பழுதாகும்போது பெரும்பாலும் பாவை தப்பிவிடுவதற்கும் காரணம் இதுவே: அங்கே நரம்பின் உட்பகுதிக்குப் போகும் நுண் நாளங்கள் அடைபடுகின்றன, மேற்பரப்பு இழைகள் வேறு நாளங்களால் ஊட்டப்படுகின்றன.

பாவை ஒரே பாய்ச்சலில் விரிந்து நின்றுவிடுவதில்லை என்பதும் கவனத்துக்குரியது. தொடக்கத்தில் அது சுருங்கும், ஆனால் மெதுவாகச் சுருங்கும். அடுத்து, மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகும். சிலரிடம் வட்டம் குலைந்து முட்டை வடிவம் பெறும். இந்த நீள்வட்டப் பாவை உள்ளழுத்தம் உயர்ந்து வருவதன் இடைநிலை அடையாளம் என்று 1983இல் மார்ஷலும் உடன் பணியாற்றியோரும் காட்டினர். இவற்றுக்குப் பிறகே 5 அல்லது 6 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்து அசையாத பாவை வருகிறது. ஆகவே விரிந்து நிற்கும் பாவைக்காகக் காத்திருப்பவர், ஆபத்தின் தொடக்கத்தை அல்லாமல் அதன் பிற்பகுதியையே காண்கிறார். இருபுறப் பாவைகளும் அசைவற்றுப் போவது இன்னும் பிந்தைய கட்டம்.

பக்கம் காட்டுவதில் பாவை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. கை கால் செயலிழப்பு அவ்வாறு இருப்பதில்லை. மூளை ஒருபுறமிருந்து தள்ளப்படும்போது, நடுமூளையின் எதிர்ப்பக்கம் உறைமடிப்பின் கூரிய விளிம்பில் மோதி வெட்டுண்டால், கட்டியுள்ள அதே பக்கத்துக் கை கால்களே தளர்ந்துபோகும். கெர்னோகனும் வோல்ட்மனும் 1929இல் விவரித்த இந்தத் தடம், கை கால் தளர்ச்சியை மட்டும் நம்பினால் தவறான பக்கத்தைத் திறக்க நேரிடும் என்று எச்சரித்தது. எனினும் அரிதாகப் பாவையும் எதிர்ப்பக்கத்தில் முதலில் விரிவதுண்டு. பாவை விரிவதற்கு நரம்பு நசுங்குவது ஒன்றே காரணமா என்ற ஐயமும் பின்னர் எழுந்தது. 1999இல் ரிட்டரும் உடன் ஆய்வாளர்களும், பாவைகள் அசைவிழந்த நோயாளிகளில் மூளைத்தண்டின் இரத்த ஓட்டம் குறைந்திருப்பதைக் கண்டு, நசுக்கத்தைவிட இரத்தப் பற்றாக்குறையே பலரிடம் காரணமாக இருக்கலாம் என்று வாதிட்டனர். இது வெறும் ஏட்டு வாதம் அன்று. காரணம் இரத்தப் பற்றாக்குறை என்றால், மானிட்டாலோ செறிவு மிகுந்த உப்புக் கரைசலோ கொடுத்து ஓட்டத்தை மீட்டால் பாவை மீண்டும் அசையக்கூடும். அவ்வாறு அசைவு திரும்புவதை மருத்துவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள் என்பது அந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

காலத்தின் நெருக்கடியை எண்களே காட்டுகின்றன. மூளையுறைக்கு அடியில் இரத்தம் கட்டிய கடும் காயங்களில், நான்கு மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 30 விழுக்காட்டினரும், அதற்குப் பின் செய்யப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினரும் இறந்ததாக 1981இல் சீலிக் குழுவினர் அறிவித்தனர். எலும்புக்கும் உறைக்கும் இடையே இரத்தம் கட்டி ஆழ்மயக்கத்தில் இருந்த 21 பேரைப் பற்றிய 1996ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பாவைகளுக்கிடையே வேறுபாடு தோன்றி 70 நிமிடத்துக்குப் பிறகு அறுவைக்குச் சென்ற அனைவரும் இறந்தனர். இவை சிறிய ஆய்வுகள். 70 என்ற எண்ணை எல்லைக்கோடாகக் கொள்வது தவறு. ஆனால் பாவை மாறிய நேரம் எது என்பதை எழுதி வைத்திருந்தால்தான் இத்தகைய கணக்கு எதுவும் சாத்தியமாகும் என்பதை மறக்கக் கூடாது.

இரத்தக்கட்டு தவிர்த்த பிற பாதிப்புகளிலும் பாவை வழிகாட்டுகிறது. ஃப்ரெட் பிளம், ஜெரோம் போஸ்னர் ஆகிய இருவரும் ஆழ்மயக்கத்தைப் பற்றி 1966இல் எழுதிய நூல் இதை முறைப்படுத்தியது. நடுமூளையே பழுதானால் பாவைகள் நடுத்தர அளவில் அசையாமல் நிற்கும். மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் இரத்தம் கசிந்தால், கீழிறங்கும் பரிவு நரம்புப் பாதை துண்டிக்கப்படுவதால், ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும், உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் அப்போதும் ஒளிக்கு மெல்ல அசைவது தெரியும். சர்க்கரைக் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு போன்ற வளர்சிதை மாற்றக் கோளாறுகளால் வரும் மயக்கத்தில் மற்ற அனிச்சைச் செயல்கள் மங்கிய பிறகும் பாவையின் ஒளி எதிர்வினை பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. நினைவிழப்புக்குக் காரணம் மூளையின் கட்டமைப்புச் சேதமா, உடலின் வேதியியல் சீர்கேடா என்று பிரிக்க உதவும் இந்த வேறுபாடு, அவசர சிகிச்சையின் முதல் சில நிமிடங்களில் ஸ்கேனுக்கு இணையான மதிப்புடையது.

நோயாளி பிழைப்பாரா, பிழைத்தால் எந்த நிலையில் பிழைப்பார் என்ற கேள்வியிலும் பாவைக்கு முக்கிய இடம் உண்டு. கண் திறப்பு, பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் கூட்டி 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் கிளாஸ்கோ மயக்க அளவுகோலை 1974இல் டீஸ்டேல், ஜெனட் ஆகியோர் உருவாக்கியபோது பாவை அதில் சேர்க்கப்படவில்லை. அது தனியாகவே குறிக்கப்பட்டது. 2008இல் வெளியான இம்பேக்ட், கிராஷ் ஆகிய இரு பெரும் கணிப்பு மாதிரிகளும் வயது, மயக்க நிலை அல்லது அசைவு மதிப்பெண் ஆகியவற்றோடு பாவையின் எதிர்வினையையும் அடிப்படை அளவைகளாகக் கொண்டன. அந்த இரு திரட்டுகளின் தரவைக் கொண்டு, 2018இல் பிரெனன், மர்ரே, டீஸ்டேல் ஆகியோர் எளிய ஒரு கழித்தலை முன்மொழிந்தனர்: அசையாத பாவை ஒன்றுக்கு ஒன்று வீதம் மயக்க அளவுகோலின் மதிப்பெண்ணிலிருந்து கழித்துவிட வேண்டும். அதன்படி மிகக் கீழான மதிப்பெண் 3 என்பதிலிருந்து 1 ஆகிறது. பழைய அளவில் 3 பெற்றவர்களில் 51 விழுக்காட்டினர் இறக்க, புதிய அளவில் 1 பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் இறந்தனர். அதாவது ஒரே எண்ணுக்குள் அடைபட்டிருந்த வெவ்வேறு நிலைகளைப் பாவை பிரித்துக் காட்டியது. இரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தைத் தலைக்காயத்தில் சோதித்து 2019இல் வெளிவந்த கிராஷ்-3 ஆய்விலும், விரைவாக மருந்து பெற்றவர்களுள் பாவைகள் அசைந்தவர்களிடமே பயன் தெளிவாகத் தெரிந்தது.

இத்தகைய எண்கள் கூட்டத்தைப் பற்றியவை. படுக்கையில் இருப்பவர் ஒருவர். இருபுறப் பாவைகளும் விரிந்து நின்றுவிட்டன என்றால் இனிச் செய்வதற்கு எதுவுமில்லை என்று கைவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்து வந்தது. அந்த நிலையிலும் அறுவைக்கு எடுத்துச் செல்லப்பட்ட 82 பேரைப் பற்றிய ஐந்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியான அலசல், அந்த வழக்கத்தை வன்மையாகக் கேள்விக்குள்ளாக்குகிறது. எலும்புக்கும் உறைக்கும் இடையே இரத்தம் கட்டியவர்களில் இறந்தோர் ஏறத்தாழ 30 விழுக்காடு. பாதிக்கும் மேற்பட்டோர் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்குத் திரும்பினர். உறைக்கு அடியில் கட்டியவர்களிடையே மூன்றில் இரு பங்கினர் இறந்தனர். நல்ல நிலைக்குத் திரும்பியோர் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டாலும், ஒரே பாவைத் தோற்றத்துக்கு அடியில் எவ்வளவு வேறுபட்ட எதிர்காலங்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. இதயம் நின்று மீட்கப்பட்டவர்களின் மூளைச் சேதத்தைக் கணிப்பதிலும் இதே எச்சரிக்கை கைக்கொள்ளப்படுகிறது: 72 மணி நேரத்துக்குப் பிறகும் இரு பாவைகளும் அசைவற்று, விழிவெண்படலத்தைத் தொட்டால் இமை மூடும் எதிர்வினையும் இல்லாதிருப்பதை, வேறொரு சான்றும் துணை நின்றால்தான் கெட்ட அறிகுறியாக 2021ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் ஏற்கிறது. மூளைச்சாவை உறுதி செய்ய இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் நான்கு மருத்துவர் கொண்ட குழுவையும், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனைகளையும் கேட்கிறது. பாவைகள் ஒளிக்கு அசையாமை அதில் ஓர் அங்கமே ஆகும்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் வேண்டும் என்பது, மூளையைத் தொடாமலேயே பாவையை மாற்றக்கூடியவற்றின் பட்டியலைப் பார்த்தால் விளங்கும். ஆரோக்கியமானவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்குப் பாவைகளின் அளவில் சிறு வேறுபாடு இருக்கும். அவை இரண்டும் ஒளிக்கு நன்றாகச் சுருங்கும் என்பதே அடையாளம். விழியின்மீதே அடி விழுந்தால் சுருக்குத்தசை கிழிந்து பாவை விரிந்து நிற்கலாம். கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர்களிடம் பாவை வட்டம் குலைந்தும் அசைவு குன்றியும் இருப்பது வழக்கம். முதியவர்கள் தவறி விழுவதால் வரும் தலைக்காயம் பெருகிவரும் இக்காலத்தில் இது சிறு செய்தி அன்று. மூச்சுத்திணறலுக்கு முகமூடி வழியே தரப்படும் இப்ராட்ரோப்பியம் ஆவி ஒரு பக்கம் கசிந்து அந்தக் கண்ணின் பாவையை மட்டும் விரித்துவிட்டு, மூளை பிதுங்குகிறதோ என்ற அச்சத்தை உண்டாக்கிய நிகழ்ச்சிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலிநீக்கிகள் பாவையைச் சுருக்கும்; அட்ரோப்பின் விரிக்கும். செயற்கைச் சுவாசத்துக்காகத் தரப்படும் தசைத்தளர்த்திகள் பாவையைப் பாதிப்பதில்லை. ஐரிசின் தசை எலும்புத்தசை வகையைச் சேர்ந்ததன்று. பேச்சும் அசைவும் மருந்தால் அடக்கப்பட்ட நோயாளியிடம் பாவைச் சோதனைக்குத் தனி மதிப்பு வருவது இதனால்தான்.

தமிழ்நாடு, இலங்கை போன்ற நிலங்களில் இந்தப் பட்டியலுக்கு இன்னும் சில சேர்க்கைகள் உண்டு. பூச்சிமருந்து குடித்தவரின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். பான்ஸ் பகுதியில் இரத்தக் கசிவு ஏற்பட்டவரின் தோற்றமும் அதுவே. மருத்துவமனையில் அட்ரோப்பின் ஏற்றத் தொடங்கிய பிறகு அதே பாவை விரிந்துவிடும். ஊமத்தை விதை தின்றவரின் பாவைகள் அகன்று, ஒளிக்கு அசையாமல், பிதற்றலும் காய்ச்சலுமாகத் தலைக்காயத்தையோ மூளைக்காய்ச்சலையோ நினைவூட்டும். எல்லாவற்றையும்விட நெஞ்சைப் பதற வைப்பது கட்டுவிரியன் கடி. இரவில் தரையில் படுத்து உறங்குபவரைப் பெரும்பாலும் தீண்டும் அந்தப் பாம்பின் பல்தடம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். கடிவாயில் வீக்கமோ பெரிய வலியோ இருப்பதில்லை. விடியும்போது இமைகள் சரிந்து, மூச்சு அடங்கி, பாவைகள் விரிந்து அசைவற்று, எந்தத் தூண்டலுக்கும் எதிர்வினையின்றி ஒருவர் கொண்டுவரப்படும்போது, மூளைச்சாவு என்றே தோன்றும். உண்மையில் நரம்பு முனைகளில் மட்டுமே செய்தி தடைப்பட்டிருக்கிறது. உள்ளே நினைவு முழுமையாக இருக்கலாம். சில நாள் செயற்கைச் சுவாசம் தந்தால் இவர்கள் எழுந்து நடந்து வீடு திரும்புகிறார்கள் என்பதை இந்திய மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் இன்னதென்று நிறுவப்படாத மயக்கத்தில் பாவையை வைத்து மூளையின் முடிவை உரைப்பது எவ்வளவு கொடிய பிழையாகும் என்பதற்கு இந்த ஒரு நோயே போதும்.

சோதனையைச் செய்யும் முறையிலும் பிழைக்கு இடம் தாராளமாக உண்டு. முறைப்படி, அறை வெளிச்சத்தைக் குறைத்து, இரு இமைகளையும் மெல்ல விலக்கி, ஒளி பாய்ச்சுவதற்கு முன்பே பாவைகளின் அளவை அட்டையில் அச்சிட்ட மில்லிமீட்டர் வட்டங்களோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பொட்டுப் பக்கத்திலிருந்து ஒளியைக் கொண்டுவந்து ஒரு கண்ணில் இரண்டு மூன்று நொடி நிறுத்தி, அந்தக் கண்ணையும் மற்றக் கண்ணையும் கவனித்து, மறுகண்ணுக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். வார்டில் நடப்பதோ பெரும்பாலும் வேறு: மின்கலம் தளர்ந்த டார்ச்சோ, கைப்பேசியின் விளக்கோ, தலைக்கு மேல் எரியும் குழல்விளக்கின் அடியில் ஒரு கணம் கண்ணைத் தொட்டுச் செல்கிறது, இரண்டு பாவைகளும் சமம், ஒளிக்குச் சுருங்குகின்றன என்னும் வாய்பாடு கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. அடர்ந்த பழுப்பு நிற ஐரிசுக்கும் கறுப்புப் பாவைக்கும் இடையே எல்லை காண்பது நீலக் கண்ணில் காண்பதைவிடக் கடினம் என்பதால், நம் மக்களிடம் இந்தச் சோதனைக்கு நல்ல ஒளி இன்னும் அவசியம். நீலக் கண்கள் மிகுந்த நாடுகளில்கூட முடிவுகள் மகிழ்ச்சி தருவனவாக இல்லை. 2016இல் பிரான்சில் கூரேயும் உடன் ஆய்வாளர்களும் செவிலியர்களின் மதிப்பீட்டைக் கருவியின் அளவீட்டோடு ஒப்பிட்டபோது, பாவைகளுக்கிடையே வேறுபாடு இருந்த நேர்வுகளில் பாதி கண்ணுக்குத் தப்பியிருந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஓல்சன் குழுவினர் 2,329 இணைச் சோதனைகளை ஆராய்ந்து, அசையவில்லை என்று மனிதக் கண் முடிவு செய்த பாவைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே கருவியும் அசையாதது என்று கண்டதாக அறிவித்தனர். மிக மெலிந்த அசைவை மனிதக் கண் காண்பதில்லை; ஆனால் மிக மெலிந்த அசைவுக்கும் முற்றிலும் அசைவின்மைக்கும் இடையேதான் பல முடிவுகள் தொங்குகின்றன.

இந்தக் குறையைப் போக்க வந்ததே தானியங்கிப் பியூப்பிலோமீட்டர். கையடக்கமான இக்கருவி, அளவு மாறாத ஒளிக்கீற்று ஒன்றைக் கண்ணில் பாய்ச்சி, அகச்சிவப்புக் கேமரா மூலம் சுமார் மூன்று நொடிக்கு, நொடிக்கு முப்பது படங்களுக்கு மேல் எடுக்கிறது. அகச்சிவப்பில் கரும்பழுப்பு ஐரிசும் வெளிறித் தெரிவதால் கண்ணின் நிறம் தடையாவதில்லை. தொடக்க அளவு, சுருங்கிய பின் அளவு, சுருங்கத் தொடங்க எடுத்த நேரம், சுருங்கும் வேகம், மீண்டும் விரியும் வேகம் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, நரம்பியல் பாவைக் குறியீடு என்னும் ஓர் எண்ணை 0 முதல் 5 வரை தருகிறது. 3க்குக் குறைந்தால் இயல்பற்றது. இந்தக் குறியீட்டை அறிமுகப்படுத்திய 2011ஆம் ஆண்டு ஆய்வில், 134 நோயாளிகளுள் குறியீடு தாழ்ந்தவர்களிடம், உள்ளழுத்தம் உச்சத்தைத் தொடுவதற்குச் சராசரியாக ஏறத்தாழ 16 மணி நேரம் முன்பே தாழ்வு தொடங்கியிருந்தது. 2023இல் வெளியான ஆரஞ்சு ஆய்வு, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலுமாக 514 நோயாளிகளிடம் முதல் வாரத்தில் எடுத்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளை அலசி, குறியீடு தாழ்ந்திருந்த முறைகள் கூடக்கூட ஆறாம் மாத நிலை மோசமாவதை உறுதி செய்தது.

இந்த முடிவுகள் நம்பிக்கையூட்டுவன என்றாலும் இரண்டு தடைகள் தீரவில்லை. குறியீட்டைக் கணக்கிடும் சூத்திரம் உற்பத்தியாளரின் தனியுடைமை. பல்லாயிரம் உயிர்களைப் பற்றிய முடிவில் பங்கேற்கும் ஓர் எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை மருத்துவ உலகம் வெளிப்படையாகச் சரிபார்க்க முடியாமல் இருப்பது ஏற்கத்தக்கதன்று. மற்றொன்று, தாழ்ந்த குறியீட்டைக் கண்டு சிகிச்சையை மாற்றினால் நோயாளிக்கு நன்மை விளையும் என்பது, தீமையை முன்னறிவிக்கும் என்பதிலிருந்து தனியான கூற்று. முன்னதற்கான சான்று இன்னும் மெலிந்தே இருக்கிறது. குறியீடும் உள்ளழுத்தமும் நேர்க்கோட்டில் ஒன்றையொன்று பின்தொடர்வதும் இல்லை. அழுத்தம் உயர்ந்தும் மூளைத்தண்டு நெருக்கப்படாதவரை பாவை இயல்பாகவே இருக்கக்கூடும்.

விளையாட்டிலும் போரிலும் ஏற்படும் இலேசான மூளை அதிர்வைப் பாவை கொண்டு கண்டறியும் முயற்சிகள் இதைவிடத் தொடக்க நிலையில் உள்ளன. குண்டுவெடிப்பில் சிக்கிய படைவீரர்களிடம் பாவை மெதுவாகச் சுருங்குவதாகச் சில ஆய்வுகளும், அதிர்வுற்ற பதின்பருவ விளையாட்டு வீரர்களிடம் சுருக்கத்தின் அளவும் வேகமும் கூடியிருப்பதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வும் கூறுவதால், ஒரே அளவுகோல் எல்லா வயதினருக்கும் பொருந்துமா என்பதே கேள்வியாக இருக்கிறது. கைப்பேசிக் கேமராவைக் கொண்டு பாவையை அளக்கும் முறையை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர். சில கைப்பேசிகளில் உள்ள அகச்சிவப்புக் கேமராவைப் பயன்படுத்திக் கருநிறக் கண்களிலும் அளவெடுக்கும் முயற்சி 2022இல் சான் டியாகோவிலிருந்து வந்தது. விலை உயர்ந்த கருவியை வாங்க இயலாத மருத்துவமனைகளுக்கு இந்த இரண்டாவது வழி மிகுந்த பயன் தரக்கூடியது. கரும்பழுப்புக் கண்களே பெரும்பான்மையான நாடுகளில் அது விரிவாகச் சோதிக்கப்பட வேண்டும்.

கருவிகள் இல்லாத இடத்தில் கண்காணிப்பே இல்லை என்று ஆகிவிடாது. பொலிவியா, எக்வடோர் நாடுகளில் 324 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், உள்ளழுத்த உணரியின் துணையோடு சிகிச்சை பெற்றவர்களுக்கும், ஸ்கேன் மற்றும் படுக்கையோரச் சோதனைகளை மட்டும் கொண்டு சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஆறாம் மாத முடிவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உணரி பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்வதைவிட, மணிதோறும் ஒழுங்காகச் செய்யப்படும் சோதனை அவ்வளவு வலிமை உடையது என்று கொள்வதே பொருந்தும். அந்த அனுபவத்திலிருந்து 2020இல் உருவான ஒருமித்த வழிமுறை, சிகிச்சையைக் கூட்டவும் குறைக்கவும் பாவை மாற்றத்தை முக்கிய அடையாளங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. சோதனையின் இடைவெளியைப் பொறுத்தவரை பிரிட்டனின் வழிகாட்டுதல் தெளிவானது: மயக்க மதிப்பெண் 15ஐ எட்டும் வரை அரை மணிக்கு ஒருமுறை, எட்டிய பின் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறையும், அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒருமுறையும், அதற்குப் பின் இரண்டு மணிக்கு ஒருமுறையும்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சும், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை அரசே ஏற்கும் 2021ஆம் ஆண்டுத் திட்டமும் காயமுற்றவரை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுவருகின்றன. ஆனால் தாலுகா மருத்துவமனையிலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படும்போது, நோயாளியோடு பாவையின் வரலாறும் பயணம் செய்தாக வேண்டும். இடமாற்றக் குறிப்பில் நான்கு செய்திகள் போதும்: மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகுவதற்கு முன் ஒவ்வொரு பாவையும் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது, ஒளிக்கு விரைவாகவா மெதுவாகவா சுருங்கியது, எத்தனை மணிக்குப் பார்க்கப்பட்டது, அட்ரோப்பினோ பழைய கண் அறுவையோ உண்டா. பெறும் மருத்துவர், விரிந்திருக்கும் இடப் பாவை பத்தாண்டுக்கு முந்தைய கண்புரை அறுவையால் வந்ததா, நாற்பது நிமிடத்துக்கு முன் சாலையில் தொடங்கியதா என்று அறிவதற்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு வழி அவரிடம் இருக்காது.